புஸ்பராணியின் ஞானஸ்நானம்

"நீங்கள் தலைகீழா நிண்டாலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன் பாதர்!"

கமலாதேவி வாய் திறந்தால் அவள் குடியிருக்கும் ஓர்ஸ் ஹில் முழுக்கக் கேட்கும். அன்று பாலையூற்று மாதா கோயிலுக்கே வந்து கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பதினாறு வயது மகள் புஸ்பராணி தலைகுனிந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞானஸ்நானம். தாய் சம்மதிக்காவிட்டால் பாதர் கொடுக்கமாட்டார்.

"பிறப்புப் பத்திரத்தையாவது தாருங்கோ அம்மா."

"அது துலைஞ்சுபோச்சு."

"அரசாங்கக் கச்சேரியிலை பிரதி எடுக்கலாமே?"

"ஒண்டும் எடுக்க ஏலாது! நாங்கள் கோணேசருக்கு விளக்கேத்திற ஆக்கள். இவளுக்கு என்ன வந்தது?"

புஸ்பராணி நிமிர்ந்தாள்.

"அம்மா, போன வருசம் ரீச்சரின்ரை மணிக்கூட்டைக் களவெடுத்தது நான். என்னோடை படிச்ச றம்லாதான் எடுத்தவள் எண்டு சொன்னதும் நான். பாவம், அவளைப் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப் போட்டினம்."

"என்னடி கதைக்கிறாய்?"

"போன கிழமை கிண்ணியாவுக்குப் போய் அவளின்ரை கையைப் பிடிச்சு அழுதனான். ரீச்சரிட்டையும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இந்தக் கோயிலுக்கு வரத் தொடங்கின பிறகுதான் எனக்கு அந்தத் துணிவு வந்தது. இனி ஆருக்கும் பொய் சொல்லிக்கொண்டு இருக்க என்னாலை ஏலாதம்மா."

கமலாதேவி மகளின் பக்கம் விருட்டென்று திரும்பினாள். ஐயோ, பிள்ளைக்கு அடி விழப்போகிறது என்று பாதர் எழுந்தேவிட்டார். அவளோ மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"இந்தச் சின்னப் பிள்ளைக்கு இருக்கிற துணிவு எனக்கு இல்லாமப் போச்சே! இவள் என்னை விட்டிட்டுப் போயிடுவாள் எண்டுதான் பயந்தனான் பாதர்."

"ஞானஸ்நானம் எடுத்தால் தாயை விட்டிட்டுப் போகவேணுமெண்டு ஆர் சொன்னது?" பாதர் சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கோ. முன் வாங்கிலை இருக்கலாம்."

"ஞானஸ்நானம் ஒருக்காத்தான் குடுக்கலாம், என்ன பாதர்?"

"ஓம். ஏன் கேக்கிறீங்கள்?"

கமலாதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த நாள், செத்துக்கிடந்த தாய்க்குப் பக்கத்திலையிருந்து இவளைத் தூக்கி என்ரை கையிலை தந்த சிஸ்டர், பிள்ளை பிழைக்குமோ தெரியாது எண்டு அப்பவே ஞானஸ்நானம் குடுத்திட்டுத்தான் தந்தவ."