இரைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு குரல்

ஒலிப்பதிவுக் கடையின் கண்ணாடிக் கதவில் மாலை வெயில் நடுங்குகிறது. மிஷன் வீதியில் சைக்கிள் மணிகள் ஓயவில்லை. ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து முந்தானையை முறுக்குகிறேன். இறந்துபோன என் வீட்டுக்காரரின் குரல் இருக்கிற ஒரே கேசட் சுழல்கிறது. நாத்தனார் கல்யாணத்தில் பதிந்தது. ஜெனரேட்டர் இரைச்சல் அவர் பேச்சை மூடியிருக்கிறது. கடைக்காரர் கொளஞ்சி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் ஒரு குமிழைத் திருப்பி இரைச்சல் இருக்கும் இடத்தைப் பிடிக்கிறார், இன்னொன்றால் அதைத் தணிக்கிறார். இரைச்சல் அடங்குகிறது. ஆனால் பேசுவது யாரோ ஒரு நோஞ்சான்.

"இது அவரு இல்ல தம்பி."

"அகலமா வெட்டிட்டேங்க்கா. திருவிழா மைக்செட்டுப் பழக்கம். இரைச்சலுக்குப் பக்கத்துலயே இருந்த அண்ணனோட அடிக்குரலும் சேந்து போயிடுச்சி."

மூன்றாவது குமிழை மெதுவாகத் திருப்புகிறார். வெட்டும் அகலம் குறுகக் குறுகக் குரலில் கனம் ஏறுகிறது; ஓரத்தில் இரைச்சலும் கொஞ்சம் திரும்புகிறது.

"இவ்ளோ இரைச்சல் நிக்கும்க்கா. பரவாயில்லியா?"

இனி திருப்பாதபடி கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஸ்பீக்கரில் என் வீட்டுக்காரர், அவரேதான், என்னை அதட்டுகிறார்: "தனம், இன்னுமா கெளம்பல? வண்டிக்காரன் கத்தறான்."

எழுந்து செருப்பைத் தேடுகிறேன்.