ஓட்டைவாய்

"ஏலே பாண்டி, அந்த ஓட்டைவாயை நீ தூக்குறியா, இல்ல நாங்க மொத்தமா வெளிய போகவா?"

ஆர்குட்டைத் திறந்ததும் பாண்டீஸ்வரன் கண்ணில் பட்டது இதுதான். கீழே நாற்பது பேர் 'ஆமா, ஆமா' என்று ஒத்து ஊதியிருந்தார்கள்.

பாண்டி வீட்டில் முதல் பட்டதாரி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. சினிமாவைக் கலாய்ப்பதற்காக அவன் தொடங்கிய 'கம்பம் கொட்டகை' குழுவில் எழுநூறு பேரைக் கட்டி மேய்ப்பதுதான் இப்போதைக்கு உத்தியோகம்.

ஓட்டைவாய் என்பது அந்தக் குழுவில் ஒருவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். வெள்ளிக்கிழமை படம் வந்தால் போதும். எந்தக் காட்சி, யார் யாரிடம் சொன்னது என்று காமெடி வசனம் பூராவையும் சாயந்திரமே வரிசையாக எழுதிவிடுவான். அதற்குக் கீழே மற்றவர்களின் ஏச்சு வரிசைகட்டும்.

"காசு குடுத்துப் போயி ஒரு இடத்துலயும் சிரிப்பு வரலப்பா!"

"இடைவேளையில டீ வித்தவன் என்ன சொன்னான்னும் எழுதுலே!"

"ஹீரோ தும்முனதை விட்டுட்டான். மார்க்கைக் குறைங்க!"

இனி எழுதினால் நீக்கிவிடுவேன் என்று பாண்டி கண்டித்தான். உடனே ஓட்டைவாயிடமிருந்து பதில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்கண்ணே."

"சரி. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் தூக்கிருவேன்."

ஞாயிறு மேட்னிக்குப் பாண்டியும் போனான். முந்தின வரிசையில் ஒரு பெண், செல்போன் வெளிச்சத்தில் ஏதோ தாளைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். காமெடியன் வாயைத் திறந்ததுமே குலுங்கிச் சிரித்தாள். அதற்கப்புறம்தான் வசனமே வந்தது. கொட்டகை சிரித்தது. அடுத்த ஜோக்கிற்கும் அப்படியே.

"யாரு தாயி அது, ஜோக்கு வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறது?" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அவள் திரும்பவேயில்லை. பக்கத்து இருக்கை இளைஞன்தான் திரும்பி, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான்.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். அவள் மடியில் கிடந்த தாள் பாண்டிக்கு நன்றாகத் தெரிந்தது. அவனுடைய குழுவின் பக்கம், அப்படியே பிரிண்ட் எடுத்தது.

"நீதானாலே ஓட்டைவாய்?"

இளைஞன் எழுந்தே நின்றுவிட்டான். "பாண்டியண்ணனா? பேரு அல்தாப்புண்ணே. சின்னமனூரு. இது எங்க அக்கா, ஆசியா."

"அக்காவுக்குக் கதை சொல்லணும்னா வீட்டுல உக்காந்து சொல்லு. ஊருக்கே எதுக்குச் சொல்றே?"

"அக்காவுக்குப் பிறவியிலருந்தே காது கேக்காதுண்ணே. எல்லாரும் சிரிக்கிறப்ப இது மட்டும் முழிச்சிக்கிட்டு இருக்கும். அதனாலேயே கொட்டகைப் பக்கம் வராது. காது கேக்காதவுக பள்ளிக்கூடத்துல அக்காகூடப் படிச்சவுக பதினோரு பேரு ஊருக்கு ஒருத்தரா இருக்காக. எல்லாரும் நம்ம பக்கத்தைப் படிச்சுட்டுத்தான் இப்பப் படத்துக்குப் போறாக." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "இன்னிக்குத் தூக்கிருவீகளாண்ணே?"

என்ன பேச்சென்று தெரியாத ஆசியா, பாண்டியின் முன்னால் கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். அவன் ஒரு கடலையை எடுத்துக்கொண்டான்.

சாயந்திரம் எழுநூறு பேரும் காத்திருந்த அறிவிப்பு வந்தது.

"படம் பாக்காதவுக ஓட்டைவாய் எழுதுறதை எட்டிப் பாக்காதீக. ஓட்டைவாய்க்கு ஒரே எச்சரிக்கை: அடுத்த படத்துல ஒரு வசனம் விட்டுப்போனாலும் தூக்கிருவேன்."