கியர் கம்பியில் ஒரு பல்செட்டு

பல்செட்டைப் பார்த்ததும் ஆர்வில் நின்றுவிட்டார்.

கியர் கம்பியின் உச்சியில், ஆரஞ்சுப் பழம் பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் மேல்வரிசைப் பற்கள் முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

ஹேஸ்டிங்ஸ் ஊர்ப் பொருட்காட்சி மைதானம், நெப்ராஸ்காவின் ஜூலை வெயில். கூரையை வெட்டித் தாழ்த்தி, இன்ஜினைத் திறந்துபோட்ட பழைய கார்கள் போட்டிக்கு வரிசையாக நின்றன. கூட்டம் மொய்த்தது வெர்லனின் வண்டியைத்தான்.

முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு. கத்தரிப்பூ நிறம்.

வெர்லன், ஆர்விலின் மகன். மீசை நரைத்தும் எதையும் முடித்துப் பழக்கமில்லாதவன். அவன் கட்டிய படகு பாதியில் நிற்கிறது. கோழிக்கூடு பாதியில் நிற்கிறது. கல்யாணமும் அப்படித்தான் போயிற்று.

இந்த வண்டியை மட்டும் முடித்துவிட்டான். அப்பாவின் பிறந்தநாளுக்கு என்று, ஷெட்டைப் பூட்டிக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல்.

இன்ஜின் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது அப்பாவின் பட்டாளத்து பெல்ட். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஆட வேண்டிய இடத்தில் அப்பாவின் பாக்கெட் கடிகாரம். மூக்குக்கண்ணாடி வில்லைகள் பின்விளக்குகளில் மினுங்கின. ரேடியேட்டர் பொங்கினால் பிடித்துக்கொள்ள, செத்துப்போன அம்மாவின் காபிக் கெண்டி. இருக்கைக்கு அவள் தைத்த ஒட்டுப்போர்வை.

கியர் கம்பியே அப்பாவின் கைத்தடிதான்.

பக்கத்தில் நின்ற நெல்டா, மூத்த மகள், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பாவுக்கென்று வாங்கிய ஐஸ்கிரீம் உருகி அவள் முழங்கை வரை வழிந்தது.

ஒரு வருஷமாக அவள் தேடாத இடமில்லை. முதலில் கடிகாரம் போயிற்று. பிறகு தடி. பிறகு கண்ணாடி. கடைசியில் வாயிலிருந்த பல்லையே எங்கோ வைத்துவிட்டு வந்து நின்றார் மனிதர். மறதி நோய் என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். மணி என்ன என்று டாக்டர் கேட்டார். இவர் கை பாக்கெட்டுக்குள் போய் வெறுமனே திரும்பி வந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

வருகிற திங்கட்கிழமை அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். வீட்டைப் பூட்ட வேண்டும். சுயபுத்தி இருக்கும்வரை அவரை எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று அம்மாவின் கல்லறையில் சத்தியம் செய்தவள் நெல்டா. அழுது அழுது முகமே வீங்கிக் கிடந்தது.

இதெல்லாம் வெர்லனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேஜையில் அக்கா சொல்லக் கேட்டு, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, ஷெட்டுக்குப் போய் அந்தக் கடிகாரத்தின் முதுகில்தான் துளை போட்டுக்கொண்டிருந்தான். அவனைத் திட்டாதீர்கள். கார் கட்டுகிறவனுக்குக் காது இன்ஜின் பக்கம் மட்டும்தான் இருக்கும்.

"டேய், அது யாரோட பல்லுடா?" என்றாள் நெல்டா.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

முகம் சாம்பலாகிவிட்டது. சுற்றிலும் ஊர்க்காரர்கள், கையில் பரிசு நாடாவோடு நடுவர் வேறு. திருடன் என்றாலும் சரி, பைத்தியக்காரன் என்றாலும் சரி, இப்போதே வாயைத் திறந்தால் அப்பாவுக்கு வீடு மிஞ்சும்.

"அக்கா, அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் நான்தான்..."

கிழவரின் பூட்ஸ் அவன் கால்மேல் ஏறியது. முழு எடையோடு ஏறி, அங்கேயே நின்றது.

"யாரு பல்லோ, பாவம்," என்றார் ஆர்வில், பொக்கை வாயால். பெற்ற மகன் முகத்தை அன்றுதான் பார்ப்பவர் போல நிமிர்ந்து பார்த்தார். "வண்டி ரொம்ப அழகா இருக்கு தம்பி. உங்க பேரு என்ன?"

கூட்டத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

நெல்டாவால் தாங்க முடியவில்லை. ஐஸ்கிரீமை நடுவர் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் கிழவர் மகனின் காதைப் பிடித்து இழுத்துத் தன் வாயருகே வைத்துக்கொண்டார்.

கடிகாரத்தை அவன் எடுத்ததை அன்றே கதவிடுக்கில் பார்த்துவிட்டாராம். கேட்கலாம் என்று போவதற்குள், அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நெல்டா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அடுத்த மாதம் தடியை அவன் கண்ணில் படும்படி சாத்தி வைத்ததே இவர்தான். கண்ணாடியும் அப்படித்தான். பல்செட்டுக்குத்தான் பாடுபட வேண்டியிருந்ததாம். நாள்கணக்கில் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தாராம், மடையன் எடுக்கவே மாட்டேனென்கிறான்.

வெர்லனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்த வீடு போகிறதே என்றான்.

கிழவர் குழாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மகள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காத. அந்த இல்லத்துல புதன்கிழமை தவறாம போல்கா டான்ஸ் நடக்குது. லியோனா குபிசெக் போன கோடையிலேருந்து ஜோடி இல்லாம உக்காந்திருக்கா."