பிள்ளைகள் கைப்படச் செய்தது

"கையை எடு ராகவி! உது என்ன கோலம்?"

கமராவை நிறுத்திவிட்டுத்தான் சுகந்தினி கத்தினாள். கமரா ஓடும்போது அவள் பிள்ளைகளை ஏசுவதே இல்லை.

ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் அவர்கள் தெருவிலேயே ஹாலோவீனுக்கு வீட்டில் பலகாரம் செய்கிறவள் தான் ஒருத்திதான் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. பயத்தம் உருண்டை. மேலே ஒரு உலர்திராட்சையை அமுக்கினால் பேயின் கண்.

"பிள்ளைகள் கைப்படச் செய்தது. கடைச் சாக்லேட்டுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை" என்று காலையிலேயே ஃபேஸ்புக்கில் போட்டாயிற்று. படத்தில் எட்டு வயது ராகவியும் ஆறு வயது ஆதவனும் ஏப்ரன் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். எடுத்து முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றச் சொல்லிவிட்டாள்.

ஆனால் அதற்குள் இரண்டு பேரும் ஒரு தட்டு நிறைய உருட்டிவிட்டார்கள். ஒன்றுக்கு மூன்று கண். ஒன்றுக்குத் தலை சப்பை. இன்னொன்றுக்குத் தேங்காய்ச் சொட்டில் கோரைப் பல்.

"அம்மா, திஸ் ஒன் ஈட்ஸ் டீச்சர்ஸ்!" என்றான் ஆதவன்.

"நல்ல வடிவு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தாலை வந்து நீங்களே சாப்பிடுங்கோ. வெளியிலை குடுக்கேலாது."

புதிதாக மாக் குழைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் தானே உருட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் வைத்து, வெள்ளிக் காகிதக் கிண்ணங்களில் அடுக்கினாள்.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த கணவன் யசீகரன் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பிள்ளையள் செய்ததைக் குடுத்தால் என்னப்பா?"

"சனம் சிரிக்கும்."

"பிள்ளையள் செய்ததெண்டுதானே போட்டிருக்கிறாய்?"

"பக்கத்திலைதானே நிண்டவை! போய் உங்கடை வேலையைப் பாருங்கோ."

மாலையானது. வெயில் சாயும்வரை காத்திருக்க ஒக்லாந்துப் பேய்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. வேஷம் போட்ட எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வீடு வீடாக இனிப்புக் கேட்கத் தெருவில் இறங்கிவிட்டன.

"அம்மா, மோகினி ஆன்ட்டி வீட்டை போகட்டோ?" என்று ராகவி கேட்டாள்.

"போங்கோ. அங்கை ஒண்டையும் வாயிலை வைக்கப்படாது."

எதிர்வீட்டு மோகினி ஃபிஜியில் பிறந்தவள். வீட்டுத் தமிழ் கொஞ்சம், மீதி ஆங்கிலம். வருடா வருடம் வாளி நிறையச் சாக்லேட் வாங்கிவைத்து அள்ளிக் கொடுப்பாள்.

"வாங்கிக் கொட்டுறதும் ஒரு வேலையோ?" என்பாள் சுகந்தினி. "பேரே மோகினி. அவவுக்கு வேஷமும் தேவையில்லை."

முதலில் வந்த எலும்புக்கூடு உருண்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது மருந்தா?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டது. அடுத்து வந்த இரண்டு சூனியக்காரிகளும் "நோ தேங்க் யூ" என்றார்கள். ஒரு டிராகுலா வாங்கிக்கொண்டு போய், படலைக்கு வெளியே மதிலில் பூப்போல வைத்துவிட்டுப் போனது.

பிறகு யாரும் வரவில்லை. எல்லாப் பேய்களும் எதிர்வீட்டில் நின்றன. வரிசை நடைபாதைவரை வந்துவிட்டது. நடுவில் ஒரே கூச்சலும் சிரிப்பும்.

சுகந்தினிக்கு வயிறு எரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

"மோகினி! சாக்லேட்டைக் காட்டிப் பிள்ளையளைக் கெடுக்கிறீங்கள். நான் காலமை தொடக்கம் அடுப்படியிலை நிண்டு..."

அப்போதுதான் கூட்டத்தின் நடுவே பார்த்தாள்.

வாசலில் ஒரு சின்ன மேசை. அதற்குப் பின்னால் ராகவியும் ஆதவனும். மேசையில் சப்பைத் தலைகள், கோரைப் பற்கள், மூன்று கண்கள். ஒவ்வொரு பேய்க்கும் ஒரு உருண்டையும், அது யாரைத் தின்னும் என்ற கதையும் கிடைத்தது. டீச்சரைத் தின்கிற உருண்டைக்கு இரண்டு எலும்புக்கூடுகள் சண்டை பிடித்தன.

மோகினி சுகந்தினியைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழும் ஆங்கிலமுமாக மெல்லிய குரலில் சொன்னாள்:

"கோவிக்காதீங்க. ஒரு டப்பாவைத் தூக்கிட்டு வந்து, இதை இங்க வெக்கலாமான்னு கேட்டாங்க. சின்னவன் அழுதுட்டான். நான் சாக்லேட்டே குடுக்கல. அது இருந்தா இதை யார் எடுப்பா?"

கதவுக்கு உள்ளே வாளி தெரிந்தது. வாங்கிய சாக்லேட் பைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் அதில் கிடந்தன.

சுகந்தினிக்கு முகம் சுட்டது. பிள்ளைகளைப் பார்த்தாள். ஆதவனின் கன்னத்தில் பயத்தம் மா. அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுகாலம். படத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு வேறு. ஒரு கணம் அவனைத் தூக்கிக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. கிட்டவும் போனாள்.

அப்போது குழந்தையோடு வரிசையில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கையில் உருண்டையோடு திரும்பினாள்.

"இவ்வளவு அழகான ஹாலோவீன் பலகாரத்தை நான் கண்டதே இல்லை. என் மகளின் பிறந்தநாளுக்கும் இதேபோல வேண்டும். யார் செய்தது?"

ராகவி கையை உயர்த்தி வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் சுகந்தினி, போனை எடுத்துக் கமராவைத் திறந்தபடியே. "அந்த மூன்றாவது கண்கூட என்னுடைய ஐடியாதான்."