அனுமதி கேட்கும் முன்

மயிலாப்பூரின் அந்த மாடி அறையில் மதிய வெயில் வக்கீல் ஸ்ரீவத்சனின் மேஜை விளிம்புவரை வந்து நிற்கிறது. கடைவாசல் அடிதடி வழக்கில் பொன்ராஜுக்கு விழுந்த ஓராண்டுச் சிறையை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. இனி டெல்லிதான். அங்கே மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் சரணடைய வேண்டும். வக்கீல் இதை மறுபடியும் சொல்கிறார். எதிரே பொன்ராஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி சண்முகக்கனி தொடாத காபியில் ஆடை படிந்திருக்கிறது. “கேக்கதுக்கே உள்ள போணுமா சார்?” “சட்டம் அப்படிம்மா. ஓடிப்போகலைன்னு காட்டணும்.” “இவுகளா ஓடுவாக? பஸ்ஸுக்கே ஓட மாட்டாக.” வக்கீல் சிரிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “சரணடையாம இருக்க விலக்கு கேட்டு மனுப் போடலாம்னீகளே?” “போடலாம். பெரும்பாலும் தள்ளிடுவா.” “பெரும்பாலும்தான?” மின்விசிறி வழக்குக் கட்டுகளின் ஓரங்களைப் படபடவென்று அடிக்கிறது. கீழே தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள். அது ஓயட்டுமென்று காத்திருந்து, அடுத்த கேள்விக்கு அவள் வாயெடுக்கிறாள். அதற்குள் பொன்ராஜ் வக்கீலிடம் மெல்லக் கேட்கிறார்: “சார், உள்ள சர்க்கரை மாத்திரை அவங்களே குடுப்பாங்களா, நாம கொண்டு போணுமா?” சண்முகக்கனி கணவனைப் பார்க்கிறாள். வக்கீல் பேனாவை மூடுகிறார்.