சுவர் தாண்டிய கொடிரோஸ்

தேவசகாயம் அரிவாளோடு வருவதைப் பார்த்ததும் அமலா கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்று கல்லறைத் திருநாள். ராஜகிரி மலைமேல் மேகம் கட்டிக்கொண்டு நின்றது. மழை பிடிப்பதற்குள் குழிமேட்டைச் செதுக்கி வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் குனிந்துகிடந்தது.

தோட்டத்தின் நடுவே ஆளுயரத்துக்கும் மேலே ஒரு சுவர். இந்தப் பக்கம் இவர்கள் பிணம், அந்தப் பக்கம் அவர்கள் பிணம். செத்தாலும் சாதி கலந்துவிடக் கூடாது பாருங்கள்.

சுவரோரம் இருக்கிற நைனாவின் குழிமேட்டில், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு கொடிரோஸ் கிழங்கை ஊன்றினாள் அமலா. உரமா போட்டாள், தண்ணீரா ஊற்றினாள்? ஒரு மழைதான். சுவரேறி அந்தப் பக்கம் குதித்துவிட்டது. கொத்துக் கொத்தாய் ரோஸ் நிறப் பூ. பொழுது விடிந்தால் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மொய்த்துக்கொண்டே இருக்கும்.

அப்பன்மேல் இத்தனை பாசமா என்று ஊர் மெச்சியது.

இப்போது தேனீ கொட்டுகிறதென்று அந்தப் பக்கத்திலிருந்து புகார். தோட்டத்துக் காவல் தேவசகாயம்தான். அவர் என்ன செய்வார்?

“வேணாம் மாமா. வேணும்னா இந்தப் பக்கம் மொட்டையடிச்சிக்கோங்க. அந்தப் பக்கம் மட்டும் கைய வெக்காதீங்க.”

“இன்னாம்மா கூத்து இது? தன் பக்கத்துப் பூவ வெட்டச் சொல்லிட்டு அடுத்தவன் பக்கத்துப் பூவுக்கு அழுவுறவ நீ ஒருத்திதான்.”

சிரித்துக்கொண்டே கல்மேல் ஏறி, சுவருக்கு மேலே அரிவாளை நீட்டினார்.

அமலா எட்டி அவர் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு கிழவியின் குரல் கிளம்பியது.

“எவன்டா அவன், அரிவாளக் கீழ போடு! என் புள்ள ஆல்பர்ட்டு கண்ணாலம் காச்சி பார்க்காமலே பூட்டான். பூ வெக்கப் பொண்டாட்டியா இருக்குறா அவனுக்கு? இந்தக் கொடிதான்டா வருசம் பூரா அவன் மேல பூவாக் கொட்டுது!”

தேவசகாயம் கல்லைவிட்டு இறங்கினார்.

“யாருப்பா நட்டது? அந்தக் கை நல்லா இருக்கணும்” என்றாள் கிழவி.

தேவசகாயம் அமலாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அமலா இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஊருக்குத் தெரியாமல் செஞ்சி ரிஜிஸ்டர் ஆபீசில் ஆல்பர்ட்டுக்கு மாலை போட்டவள் அவள். அவனைப் புதைத்த மறுநாள் அவளைத் தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், கல்யாண சர்டிபிகேட்டை வாங்கி அடுப்பில் செருகியவள் அந்தக் கிழவி.

நட்டது யாரென்று தெரிந்தால் கொடிக்கும் அதே அடுப்புதான்.