உள்வீட்டுச் செருப்பு

2004 ஏப்ரல், ஹரோ என்ற இங்கிலிஷ் ஊர். மேசையடியில் நான், சோபாவில் அக்கா கமலாம்பிகை, ஹீட்டரோடு ஒட்டி அத்தான். ஜப்பானில் நான் இங்கிலிஷ் படிப்பிக்கப் போகும் மலைக்கிராமப் பள்ளிக்கூடம் பார்சல் அனுப்பியிருந்தது. ஊர் வரைபடம், பஸ் நேரங்கள், வகுப்புக்குள் போடுகிற செருப்பு.

செருப்பு புதிதல்ல. உள்ளே வியர்வை ஊறிக் கறுத்திருந்தது.

"சீ, ஆரோ போட்டு நாறினது!" அக்கா மூக்கைப் பொத்தினா.

"இரண்டு வருசமாத் தேடின வேலையடாப்பா. கழுவிப்போட்டுப் போ," என்றார் அத்தான்.

இடது செருப்பில் ஆறு விரல்கள் பதிந்திருந்தன. எனக்கும் இடதுகாலில் ஆறு. விண்ணப்பத்தில் அதை எழுதவில்லை. போட்டுப் பார்த்தேன். அளவு சரி, உள்ளே இளஞ்சூடு. காலை வெடுக்கென்று இழுத்தேன்.

செருப்பைக் குப்பையில் எறிந்து, காலை மூன்றுதரம் சோப் போட்டுக் கழுவினேன். வரமாட்டேன் என்று எழுதி, சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, தபால்பெட்டிக்கு நடந்தேன்.

கடிதம் உள்ளே விழுந்தது. சப்பாத்துக்குள் இடதுகால் மட்டும் பிசுபிசுத்தது, இளஞ்சூடாக.